எந்த நாட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாணப் பந்தியில், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று எங்கே போனாலும், வாட்ஸ்அப்பில் வந்த பின்லாந்துச் செய்தியைக் காட்டி யாராவது ஒருவர் சந்தேகம் கேட்டுவிடுகிறார். கேள்விகள் பத்துப் பதினைந்துதான், ஆட்கள்தான் மாறுகிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

எந்த நாட்டுப் பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்கன்னு யாரு சார் அளக்கிறது?

பல தேர்வுகள் உண்டு. அதிகம் பேசப்படுவது 'பிசா'. சாப்பிடுகிற பீட்சாவோடு யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓ.இ.சி.டி. என்னும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு 2000-இல் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்தியது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போனது. பள்ளியில் படிக்கும் 15 வயதுப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து வாசிப்பு, கணிதம், அறிவியல் மூன்றிலும் சோதிப்பார்கள். 2022-இல் 81 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டன.

கணிதத்தில் சிங்கப்பூர் 575 எடுத்து முதலிடம். ஜப்பான் 536, தென்கொரியா 527, எஸ்டோனியா 510, அமெரிக்கா 465. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 472. சுமார் 20 மதிப்பெண் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இது தவிர 4, 8-ஆம் வகுப்புகளுக்கு 'டிம்ஸ்' என்றொரு தேர்வு 1995-இலிருந்து நடக்கிறது. இங்கே பெரும்பாலும் பிசாவையே எடுத்துக்கொள்கிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான்.

அப்படி என்னதான் கேக்குறாங்க? நம்ம பசங்களுக்குத் தெரியாததா?

2003-இல் வந்து, பிறகு வெளியிடப்பட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். மணலில் ஒருவர் நடந்துபோன காலடித் தடங்களின் படம். ஒரு காலடியின் பின்பக்கத்திலிருந்து அடுத்த காலடியின் பின்பக்கம் வரை உள்ள நீளம் ஒரு தப்படி. ஆண்கள் நடக்கும்போது, ஒரு நிமிடத்தில் வைக்கும் தப்படிகளின் எண்ணிக்கையைத் தப்படியின் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால் தோராயமாக 140 வரும் என்று கொடுத்திருக்கிறார்கள். ஹைகோ என்பவர் நிமிடத்துக்கு 70 தப்படி வைக்கிறார். அவருடைய தப்படியின் நீளம் என்ன? அவ்வளவுதான். 70-ஐ 140-ஆல் வகுத்தால் அரை மீட்டர். இரண்டாவது கேள்வி: பெர்னார்டின் தப்படி 0.80 மீட்டர். அவர் நடக்கும் வேகம் என்ன, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர், மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?

இதை ஒருமுறை என் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முக்கோணவியல் கணக்கை மூச்சுவிடாமல் போடுகிற பையன் எழுந்து, "சார், இது எந்தப் பயிற்சியில வருது?" என்று கேட்டான். பயிற்சி எண் தெரிந்தால் சூத்திரம் தெரியும், சூத்திரம் தெரிந்தால் விடை வந்துவிடும் என்பது அவன் கணக்கு. கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பார்த்தாள். விடைக்குப் பக்கத்தில் முதலில் வந்ததும் அவள்தான்.

தமிழ்நாடு இதுல கலந்துகிட்டு கடைசியா வந்துச்சாமே, உண்மையா?

கிட்டத்தட்ட உண்மைதான். இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009 சுற்றின் நீட்டிப்பில் எழுதின. நாட்டிலேயே கல்வியில் முன்னால் நிற்கும் மாநிலங்கள் என்பதால்தான் இவை இரண்டும் போனதே. கணிதத்தில் தமிழ்நாடு 351, வாசிப்பில் 337. இந்த இரண்டு பாடத்திலும் மொத்தம் 74 நாடு, பகுதிகளில் நம் இரண்டு மாநிலங்களுக்கும் கீழே இருந்தது கிர்கிஸ்தான் மட்டும்தான். கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அதன்பின் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அடுத்த முறை கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளும் சண்டிகரும் எழுதும் என்று அறிவித்தார்கள், அதுவும் நடக்கவில்லை.

சூழல் பொருந்தவில்லை என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் தப்படி வைத்து நடப்பதற்கு என்ன சூழல் வேண்டும்? காய்ச்சல் இருக்கிறது என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்லாந்துல பரீட்சையே கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாதாமே?

பாதி உண்மை. ஊரெல்லாம் ஒரே நாளில் எழுதும் பொதுத்தேர்வு பள்ளிப் படிப்பு முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான், மேல்நிலைப் படிப்பின் கடைசியில் வருவது. ஆனால் வகுப்பில் ஆசிரியர் வைக்கும் தேர்வுகள் உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு, குறைவு. ஏழு வயதில்தான் முதல் வகுப்பு. மதியச் சாப்பாடு 1948-இலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் இலவசம்.

வாட்ஸ்அப்பில் வராத பகுதிதான் முக்கியம். 1970-களின் தொடக்கம் வரை பின்லாந்திலும் 11 வயதில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். படிப்புக்குப் போகிறவர்கள் ஒரு பள்ளி, மற்றவர்கள் வேறு பள்ளி. 1972-இல் வடக்கே லாப்லாந்தில் ஆரம்பித்து 1977-இல் தெற்கே ஹெல்சிங்கியில் முடியும்படி, பகுதி பகுதியாக, எல்லாப் பிள்ளைக்கும் ஒன்பது வருடம் ஒரே பள்ளி என்று மாற்றினார்கள். ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், 1979-லிருந்து தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் பாடத்திட்டம் மேலிடத்தில் எழுதப்பட்டது, பாடநூலுக்கு அரசு ஒப்புதல் வேண்டும், ஆய்வாளர் வருவார். 1990-களின் தொடக்கத்தில் ஆசிரியர்களைத் தயார் செய்துவிட்ட பிறகுதான் கடிவாளத்தைத் தளர்த்தினார்கள். நமக்கு வரும் செய்தியில் தளர்த்தியது மட்டும் இருக்கும், அதற்கு முந்தைய இருபது வருட வேலை இருக்காது.

இன்னொன்று. அங்கே பின்தங்கும் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் பள்ளியிலேயே இருப்பார். ஏராளமான பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு சமயத்தில் இந்த உதவி கிடைக்கிறது. அதனால் அதற்குப் போவது அவமானமாகத் தெரிவதில்லை.

அப்ப பின்லாந்து ஏன் இப்ப கீழ இறங்குது?

கணிதத்தில் 2006-இல் 548, 2022-இல் 484. மூன்று வருடப் படிப்புக்கு மேல் போய்விட்டது. எல்லா நாடும் கொரோனாவில் அடிவாங்கியது என்றாலும் பின்லாந்தின் இறக்கம் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. ஆண்பிள்ளைகள் வாசிப்பதை விட்டது, பள்ளிக்குள் வந்த போன், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் மொழிச் சிக்கல், 1990-களின் பொருளாதாரச் சரிவில் வெட்டிய செலவு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கடிவாளத்தைத் தளர்த்தியதே காரணம் என்பவர்களும் உண்டு. ஒன்றுதான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். போன் விஷயத்தில் மட்டும் முடிவு எடுத்துவிட்டார்கள். வகுப்பு நேரத்தில் போனைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், 80 கிலோமீட்டரில் எஸ்டோனியா. அங்கேயும் ஏழு வயதில் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பள்ளி. 2022-இல் கணிதத்தில் ஐரோப்பாவிலேயே முதலிடம் அவர்களுக்குத்தான். பின்லாந்துக்குக் கல்விச் சுற்றுலா போகிறவர்கள் கப்பலில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகலாம்.

சிங்கப்பூர்ல பன்னெண்டு வயசுலயே பரீட்சை வச்சுப் பிரிக்கிறாங்க, அவங்கதான முதலிடம்? அப்ப பிரிக்கிறது நல்லதுதான?

இது நல்ல கேள்வி. சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு பொதுத்தேர்வு இருக்கிறது. அங்குள்ள நம் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எழுதுவதும் அதில்தான். 1979-இல் வந்த ஓர் அறிக்கைக்குப் பிறகு, மதிப்பெண்ணை வைத்து வேகமாகப் படிப்பவர், மெதுவாகப் படிப்பவர் என்று தனித்தனிப் பிரிவாக்கினார்கள். ஆனால் 2024-இல் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. இப்போது ஒரே வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி கணக்கை மட்டும் உயர்ந்த நிலையில் படிக்கலாம். முதலிடத்தில் இருக்கும் நாடே கைவிட்டதை நாம் எதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

பிரித்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஜெர்மனிதான் சரியான உதாரணம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதில், வெவ்வேறு வகைப் பள்ளிகளாகப் பிரிப்பார்கள். தாங்கள்தான் உலகத்துக்கே படிப்புச் சொல்லித்தந்தவர்கள் என்று நினைத்திருந்தார்கள். 2001 டிசம்பரில் முதல் பிசா முடிவு வந்தது. வாசிப்பில் 484, சராசரிக்கும் கீழே. அதைவிட உறைத்தது, அப்பா அம்மா யார் என்பதை வைத்தே பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. 'பிசா அதிர்ச்சி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நாடு முழுக்கப் பொதுவான கற்றல் அளவுகோல், மாலை வரை நடக்கும் பள்ளிகள் என்று வேலை செய்து 2012-இல் கணிதத்தில் 514 வரை ஏறினார்கள். பிரிக்கும் வயதில் மட்டும் பெரும்பாலான மாநிலங்கள் கை வைக்கவில்லை. 2022-இல் 475.

சிங்கப்பூரின் முதலிடத்துக்கு நான் வேறு காரணம் சொல்வேன். கணிதத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சியை அங்கே 92 சதவீதப் பிள்ளைகள் எட்டுகிறார்கள். ஓ.இ.சி.டி. சராசரி 69. மெதுவான பிரிவில் போட்ட பிள்ளைக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரையே அனுப்பினார்கள். நாட்டின் எல்லா ஆசிரியரும் ஒரே கல்வி நிறுவனத்தில் பயிற்சி பெற்று வருகிறவர்கள்.

ஒரு வருஷம் தள்ளிப் பிரிச்சா அவ்வளவு மாறிடுமா?

போலந்தில் மாறியது. 1999-இல் எட்டு வருடத் தொடக்கப்பள்ளியை ஆறாக்கி, நடுவில் மூன்று வருடப் பொதுப்பள்ளி ஒன்றைப் புகுத்தினார்கள். தொழிற்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் பொதுப் படிப்பு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. பழைய முறையில் படித்தவர்கள் 2000-இல் எழுதியபோது வாசிப்பில் 479. புது முறைப் பிள்ளைகள் 2003-இல் 497, 2006-இல் 508, 2012-இல் 518. தொழிற்பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகளிடம்தான் ஏற்றம் அதிகம்.

இதன் பின்கதை சுவாரசியமானது. ஊரில் யாருக்கும் அந்த நடுப்பள்ளி பிடிக்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் அடைத்ததால் ரவுடித்தனம் வளர்ந்தது என்று பெற்றோர் புலம்பினார்கள். ஆட்சி மாறியது, 2017-இல் அதை மூடவும் தொடங்கிவிட்டார்கள். தேர்வுக்கு உலகமே கைதட்டிய சீர்திருத்தம் தேர்தலில் தேறவில்லை.

பணத்தை நிறைய செலவழிச்சா சரியாயிடாதா?

ஒரு மட்டம் வரை ஆகும். 6 வயதிலிருந்து 15 வயது வரை ஒரு பிள்ளைக்கு மொத்தம் 75,000 டாலர் (விலைவாசியைச் சரிக்கட்டிய கணக்கில்) வரை செலவு கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுகிறது, அதற்கு மேல் அந்தத் தொடர்பு மங்கிவிடுகிறது என்கிறது 2022 பிசா. நம் ஊர் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆகவே 'பணம் முக்கியமில்லை' என்று எந்த அதிகாரியாவது சொன்னால் அது லக்சம்பர்க் மாதிரிப் பணக்கார நாட்டுக்குச் சொன்ன பதில் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எதில் செலவழிக்கிறோம் என்பதும் இருக்கிறது. இந்தோனேசியாவில் 2005 சட்டப்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். 360 பள்ளிகளில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். ஆசிரியர்களின் மனக்குறை தீர்ந்தது, இரண்டாவது வேலை பார்ப்பதும் குறைந்தது, பிள்ளைகளின் படிப்பு மட்டும் அப்படியே நின்றது. நம் பக்கத்து ஆந்திராவில் பிள்ளைகள் முன்னேறினால் ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை, ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீத அளவில், கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் நல்ல முன்னேற்றம். நானும் சம்பளம் வாங்கியவன்தான், இரண்டையும் படித்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

வகுப்புல 40 பேர் இருந்தா எப்படி சார் படிக்கும்?

சின்ன வகுப்புகளில் எண்ணிக்கை முக்கியம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய சோதனையில் 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பைவிட நன்றாகத் தேறினார்கள், ஏழைப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. மேல் வகுப்புகளில் அந்த அளவுக்கு இல்லை. சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் 30-க்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்புகள் சர்வசாதாரணம்.

தனியார் பள்ளிதான் நல்லா சொல்லித் தருது. அரசுப் பணத்தைப் பெத்தவங்க கையில குடுத்துட்டா, புடிச்ச பள்ளில சேத்துக்க மாட்டாங்களா?

சுவீடன் அதைத்தான் செய்தது. 1992-இலிருந்து பிள்ளை எங்கே போகிறதோ அரசுப் பணமும் அங்கே போகும், லாபம் பார்க்கும் கம்பெனியும் பள்ளி நடத்தலாம். வாசிப்பில் 2000-இல் 516 இருந்தது 2012-இல் 483 ஆனது. அதே சமயத்தில் பள்ளிகளை நகராட்சிகளிடம் ஒப்படைத்ததும் நடந்ததால், பழியை முழுக்கத் தனியார்மேல் போட முடியாது. போட்டி வந்தால் தரம் தானாக உயரும் என்று சொன்னவர்களுக்கு மட்டும் அது பதில்.

சிலியில் 1981-லிருந்தே இந்த முறை. வசதியானவர்கள் கூடுதல் கட்டணம் கட்டிப் பிள்ளையைப் பொறுக்கியெடுக்கும் பள்ளிகளுக்குப் போனார்கள், ஏழைகள் ஒரே இடத்தில் குவிந்தார்கள். 2008-இல் ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் மானியம் தந்தார்கள். 2015 சட்டம் கட்டணம், பொறுக்கியெடுத்தல், லாபம் மூன்றையும் படிப்படியாக நிறுத்த வழிசெய்தது. நெதர்லாந்தில் 1917-லிருந்து அரசு, தனியார் இரண்டுக்கும் சமமான அரசுப் பணம். மூன்றில் இரண்டு பிள்ளை தனியார் நடத்தும் பள்ளியில். அங்கேயும் 2022-இல் வாசிப்பு 459-க்கு இறங்கிவிட்டது.

நமக்கு நெருக்கமான சான்று மறுபடி ஆந்திராதான். குலுக்கலில் ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இலவசமாகத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஒன்றும் மேலே போகவில்லை. அரசுப் பள்ளியில் குறைவாகச் சொல்லித்தந்த இந்தியில் மட்டும் முன்னேறினார்கள். அதே நேரம், அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு கட்சிக்காரர்களும் பாதி பாதி எடுத்து மேற்கோள் காட்டும் ஆய்வு இது.

கொரியாப் பிள்ளைங்க டியூஷன்லதான மார்க் வாங்குறாங்க? அதுல அரசுக் கொள்கைக்கு என்ன வேலை?

டியூஷன் பெரிய வேலை செய்கிறது, மறுக்கவில்லை. தலைநகர் சியோலில் டியூஷன் சென்டர்களை இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத்தேர்வில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் அதே அரசுதான் 1969-இல் நடுநிலைப் பள்ளி நுழைவுத்தேர்வை ஒழிக்கத் தொடங்கி, 1974-லிருந்து பெரிய நகரங்களில் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையையும் குலுக்கலுக்குக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள், ஜப்பானிலும் அப்படித்தான். நல்ல வாத்தியார் எல்லாம் டவுனிலேயே தங்கிவிட முடியாது. நம் ஊரில் மாறுதல் கவுன்சலிங் நாளன்று வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வியட்நாம் ஏழை நாடுதான, அது எப்படி அமெரிக்காவைத் தாண்டுச்சு?

2012-இல் கணிதத்தில் வியட்நாம் 511, அமெரிக்கா 481. ஆசிரியர் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது, பெற்றோரின் அக்கறை, பாடத்திட்டத்தை அகலமாக்காமல் ஆழமாக்கியது எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் முதல் பதிலில் 'பள்ளியில் படிக்கும்' 15 வயதுப் பிள்ளை என்று சொன்னேன், கவனித்தீர்களா? வியட்நாமில் அந்த வயதினரில் 56 சதவீதம் பேரைத்தான் அந்தத் தேர்வு எட்டியது. மற்றவர்கள் பெரும்பாலும் பள்ளியை விட்டுவிட்டவர்கள். 2022-இல் அவர்கள் எடுத்தது 469. இப்போதும் ஏழை நாட்டுக்கு அது பெரிய சாதனைதான், ஆனால் தட்டில் யார் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எடை போட வேண்டும்.

கொள்கை மாறினதாலதான் மார்க் மாறுச்சுன்னு எப்படி உறுதியாச் சொல்றது? தற்செயலா இருக்கலாமே?

கேட்டவர் ஒரு பொறியியல் மாணவி. நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். அரிசி தின்னும் நாடுகள் முன்னால் இருக்கின்றன என்பதற்காக அரிசியால் கணக்கு வரும் என்றா சொல்வோம்?

அதனால் ஒரே நாட்டுக்குள் பார்ப்பார்கள். பின்லாந்து வடக்கிலிருந்து தெற்காகப் பகுதி பகுதியாக மாறியது என்றேனே, அது ஆய்வாளர்களுக்கு அதிர்ஷ்டம். ஒரே வயதுப் பிள்ளைகளில் சிலர் பழைய முறையில், சிலர் புதிய முறையில் படித்தார்கள். அவர்கள் வளர்ந்து சம்பாதித்தபோது ஒப்பிட்டார்கள். அப்பாவின் வருமானம் மகனின் வருமானத்தைத் தீர்மானிக்கும் பிடி புது முறையில் 23 சதவீதம் தளர்ந்திருந்தது. இஸ்ரேலில் ஒரு வகுப்புக்கு 40 பேர்தான் உச்சவரம்பு. 41-ஆவது பிள்ளை சேர்ந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்த ஒரு பிள்ளையால் பிரிந்த வகுப்புகளையும் பிரியாதவற்றையும் ஒப்பிட்டு எண்ணிக்கையின் விளைவைக் கண்டுபிடித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வி. கிராமத்துக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பள்ளி மூடியதால் இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, சாயங்காலம் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்த அந்த வகுப்புகளால் வந்தது.

அந்தத் தப்படிக் கணக்குல ரெண்டாவது கேள்விக்கு விடை என்ன சார்? சொல்லாமலே விட்டுட்டீங்க.

0.80-ஐ 140-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 112 தப்படி. அதை மறுபடி 0.80-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 89.6 மீட்டர். மணிக்குச் சுமார் 5.4 கிலோமீட்டர். 112-லேயே நிறுத்திவிட்டு அதுதான் வேகம் என்று எழுதியவர்கள் என் வகுப்பிலும் நிறையப் பேர் இருந்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தவள் 89.6 வரை வந்துவிட்டு, கிலோமீட்டருக்கு மாற்ற மறந்துவிட்டாள்.